நாலு மணிப் பலகாரம்

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு முப்பது வருஷம் கணக்கு எழுதியவன். இந்தத் தலைப்பில் பேச எனக்கிருக்கும் ஒரே தகுதி, பதினோரு வருஷமாகச் சர்க்கரை நோயாளி என்பதுதான். இந்த மண்டபத்தில் எனக்குத் துணை நிறையப் பேர் இருப்பீர்கள். 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாகச் சொல்கிறது.

நாலு மணிக்கு டீக்கடையில் இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. அதுதான் எங்கள் பட்டறை வழக்கம். நோய் வந்ததும் பஜ்ஜியை விட்டேன். எண்ணெய் இல்லையே என்று பொரிக்கு மாறினேன். டீயோடு நாலு பிஸ்கட். வீட்டில் வெல்லம் போட்ட ராகிக் கஞ்சி. பெரிய தியாகி என்ற நினைப்பு! மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை முன்னைவிட ஏறியிருந்தது. டாக்டர் சிரித்தார். "எண்ணெயைத்தான் நிறுத்தினீங்க சார், மாவை நிறுத்தலையே" என்றார்.

அப்போதுதான் கிளைசீமிக் குறியீடு என்ற பேச்சே என் காதில் விழுந்தது. 1981-இல் கனடா நாட்டு டொரண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் கொண்டுவந்த கணக்கு. ஓர் உணவு ரத்தத்தில் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளப்பது. குளுக்கோஸுக்கு 100. 55-க்குள் இருந்தால் குறைவு, 70-ஐத் தொட்டால் அதிகம். பொரி அதிகக் கூட்டம். வாயில் போட்டதும் கரைகிறதல்லவா? வேகவைத்த கொண்டைக்கடலை சுமார் 30. அதன் மாவுச்சத்து நாருக்குள்ளே பொதிந்து கிடக்கிறது, மெதுவாகத்தான் வெளியே வரும். ராகியில் நார் இருக்கிறதே என்பீர்கள். நைசாக அரைத்துக் கஞ்சியாய்க் காய்ச்சினால் அதுவும் வேகமாகத்தான் ஏறும். வெல்லம், கருப்பட்டி ரெண்டும் சர்க்கரைதான், சண்டைக்கு வராதீர்கள்.

இப்போது எனக்கு ஒரு கிண்ணம் சுண்டல், இல்லையென்றால் பூந்தமல்லியில் தள்ளுவண்டியில் வாங்கும் ஒரு கொய்யா. காயாக இருந்தால் நல்லது. அவித்த வேர்க்கடலையும் உண்டு, ஆனால் ஒரு கைப்பிடிதான். குறியீடு குறைவு என்று பொட்டலம் பொட்டலமாகத் தின்றதில் எடை ஏறியது தனிக் கதை.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒருநாள் மாத்திரை போட்டுவிட்டு மதியம் சரியாகச் சாப்பிடாமல் ஆவடி மின்சார ரயிலில் ஏறிவிட்டேன். கொரட்டூர் தாண்டியதும் கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டல். பையில் சுண்டல் இருந்தது. அவசர அவசரமாக மென்றேன், பிரயோசனமில்லை. எதிரே இருந்த பூக்காரம்மா, "சுகரா அண்ணே?" என்று கேட்டு, மடியிலிருந்து கமர்கட்டு எடுத்துக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்தேன். சர்க்கரை இறங்கும்போது மெதுவான தீனி உதவாது. மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோதான் வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும் மாத்திரைக்காரர்களும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டம்மாவிடமும் சொல்லி வையுங்கள்.

இன்றைய சிற்றுண்டிப் பொறுப்பு என்னுடையது. பச்சைப்பயறு சுண்டல் தயாராக இருக்கிறது. பக்கத்தில் மைசூர்பாகு வைத்தது யாரென்று எனக்குத் தெரியாது.