கடைசிப் பெட்டி
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருந்து பேசிய மேடை இது. பத்தாம் வகுப்போடு கல்வியை முடித்துக்கொண்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எடைச் சீட்டு எழுதிவரும் என்னையும் இங்கு நிறுத்திய செயலாளர் அவர்கட்கு நன்றி. இலக்கியம் பேச நான் வல்லேன் அல்லேன். நடந்து கண்ட ஒரு மலையைப் பற்றியே பேச விழைகின்றேன். குமார பர்வதம் என்பது அதன் பெயர்.

குறிஞ்சித் திணையை நாம் ஏட்டிலே படிக்கின்றோம். குன்றுதோறும் குமரனைக் கண்டு கைதொழுகின்றோம். ஆனால், பெங்களூரில் பிறந்து வளர்ந்த நம் குடியிருப்புப் பிள்ளைகளுள், தன் மூட்டையைத் தானே சுமந்து, மலைமீது ஓர் இரவேனும் தங்கியவர் எத்தனை பேர்? இக்குறையைப் போக்க எண்ணி, 2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எழுவர் புறப்பட்டோம். பெரியவர் மூவர், பிள்ளைகள் நால்வர். என் மகனுக்கு அப்போது வயது பதினாறு. எதிர் வீட்டுப் பிள்ளைக்குப் பதினான்கு. தந்தையை இழந்த அச்சிறுவனை வழியனுப்ப வந்த அவன் அன்னையார், “அண்ணா, உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்” என்றார். அச்சொல் மூன்று நாளும் என் செவியை விட்டு அகலவில்லை.

இரவு வண்டியில் ஏறினோம். சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்ய ரோடு நிலையத்துக்கும் இடையே 55 கிலோமீட்டர் மலைப்பாதை, 57 சுரங்கங்கள். ஐம்பது அடி சென்றால் ஓரடி இறங்கும் செங்குத்து. 1979இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பெற்று, அகலப் பாதையாக மாற்றப்பட்டு, 2007 டிசம்பரில் மீண்டும் பயணிகள் வண்டி ஓடத் தொடங்கிய தடம் அது. பொழுது புலர்கையில் இறங்கிக் குக்கே சுப்ரமண்யர் திருக்கோயிலை அடைந்து, வணங்கி நடக்கலானோம்.

மலையின் உயரம் 1,712 மீட்டர். அடிவாரமோ கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்குச் சற்றே மேற்பட்டது. ஆகவே ஏறக்குறைய 1,600 மீட்டரையும் காலாலேயே ஏறவேண்டும். சிகரம் வரை ஒரு வழி மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்த இம்மலை, 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் ஒன்று.

முதற்பகுதி அடர்ந்த காடு. மரவேர்களே படிகள். அங்கேதான் என் அறியாமை வெளிப்பட்டது. ஊரார் மூட்டைகளையெல்லாம் நாள்தோறும் நிறுத்துச் சீட்டெழுதும் நான், என் மூட்டையை நிறுத்துப் பார்க்கவில்லை! அடுப்பு, வாணலி, அரிசி, கம்பளி என்று அடைத்திருந்தேன். பிள்ளைகள் முதுகிலும் அவ்வாறே ஏற்றியிருந்தேன். காட்டினுள் நெருப்பு மூட்டலாகாது என்று வனக்காவலர் கூறியபோது, அடுப்பும் அரிசியும் வீண் சுமையாயின. மாலையில் கிரிகத்தேயை அடைந்தோம். மலையேறுவோர்க்கு உணவளிப்பதில் பேர் பெற்ற பட்டர் வீடு ஒன்று அங்கே இருந்தது. சுடுசோறும் மோரும் உண்டு உறங்கினோம். அக்காலத்தில் அங்கு இரவு தங்க இயன்றது.

மறுநாட் காலை, மூட்டைகளை அங்கேயே வைத்துவிட்டு மேலே சென்றோம். இனிக் காடில்லை, நிழலற்ற புல்வெளி. கல் மண்டபத்தருகே நீர் கிடைக்கும் என்று நம்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் நீரே எடுத்திருந்தோம். அங்கே நீர் கசிந்துகொண்டிருந்ததே அன்றி ஓடவில்லை. முதல் நாள் வேண்டாதவற்றைச் சுமந்தோம். இரண்டாம் நாள் வேண்டியதை விட்டுச் சென்றோம்.

சேஷ பர்வதத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டரை. எதிரே சிகரம் தெரிந்தது. சோலைக்காட்டில் இறங்கி, பாறை ஒன்றில் ஏறினால் போதும், இரண்டு கிலோமீட்டர்தான். அப்போது எதிர் வீட்டுச் சிறுவன் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ள, வாந்தியெடுத்து உட்கார்ந்துவிட்டான். என் மகன் அருகே வந்து, “அப்பா, மாமா ஒருவர் இவனோடு இருக்கட்டும். நாம் போய்வந்து விடலாம்” என்றான். அவன் கூறியது நியாயம்போலவே தோன்றியது. எனக்கும் ஆசை இல்லாமலில்லை.

அன்பர்களே, இரயில்வேயில் ஒரு விதி உண்டு. எஞ்சின் நிலையத்தைக் கடந்துவிட்டால் வண்டி வந்துவிட்டது என்று நாங்கள் எழுதுவதில்லை. கடைசிப் பெட்டியின் பின்னே அதற்குரிய பலகை தொங்கும். இரவில் செவ்விளக்கு மினுக்கும். அதைக் கண்ணால் கண்ட பின்னரே, வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று கொள்வர். அது காணப்படாவிடின், பெட்டி ஏதேனும் வழியில் அறுந்து நிற்கலாம். பின்னால் வேறு வண்டியை அனுப்புதல் ஆகாது. அந்த விதியே அப்பாறைமேல் என் நினைவுக்கு வந்தது. எஞ்சின் சிகரத்தில் நின்று என்ன பயன், கடைசிப் பெட்டி வழியில் கிடக்கையில்?

எழுவரும் திரும்பினோம். எஞ்சிய நீரைச் சிறுவனுக்குச் சிறிது சிறிதாகப் புகட்டி, அவனை முன்னே நடக்கவிட்டு, அவன் நடைக்கே எல்லோரும் நடந்தோம். கிரிகத்தேயை அடைகையில் அந்தி மயங்கிவிட்டது. சிகரம் சென்றிருப்போமானால், காரிருளிலன்றோ அச்சரிவில் இறங்கியிருப்போம்! மூன்றாம் நாள் அடிவாரம் வந்து, ஊர் சேர்ந்து, சிறுவனை அவன் அன்னையிடம் ஒப்படைத்தேன். என் மகன் ஒரு வாரம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அலுவலகத் தராசில் என் மூட்டையை நிறுத்தேன்: 19 கிலோ! உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமத்தலாகாது என்பது மலையேறுவோர் வழக்கம்.

2024 ஜனவரியில் அம்மலையில் பெருங்கூட்டம் திரண்டதால், வனத்துறையார் மலையேற்றத்தை நிறுத்திவைத்து, பின்னர் இணையவழி முன்பதிவையும் ஆள் வரம்பையும் ஏற்படுத்தினர். நல்ல ஏற்பாடே. அதன் பின்னர் என் மகன், நண்பர் நால்வருடன் சோமவாரப்பேட்டைப் பக்கத்து வழியாகச் சென்றான். புறப்படுமுன் ஐந்து மூட்டைகளையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்தான். ஆளுக்கு மூன்று லிட்டர் நீர் எடுத்தான். மாலையில் தொலைபேசியில் அவன் சொன்ன முதற்சொல், “அப்பா, ஐந்து பேரும் இறங்கிவிட்டோம்” என்பது. சிகரம் கண்ட செய்தியை அதன் பிறகே சொன்னான்.

நம் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பதே என் விண்ணப்பம். மூட்டையை நிறுத்துக் கட்டுக. நீரைக் குறையாது எடுக்க. திரும்பும் நேரத்தை முன்னரே குறிக்க. கடைசியில் வருவோன் நடையையே அனைவர் நடையாகக் கொள்க. பிழைப்பை நாடி வேற்றூரில் வாழும் நமக்கு, மலைக்கு மட்டுமன்றி இக்குடியிருப்பு வாழ்வுக்கும் அதுவே விதி என்று கருதுகின்றேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!