திரும்ப முடியாத சிற்றூர்



இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் மாவட்டத்தில், டைனம் என்றொரு சிற்றூர் இருந்தது. ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், சில வீடுகள். உழவும் மீன்பிடிப்பும் தொழில். நிலமும் வீடுகளும் பாண்ட் என்ற குடும்பத்தாருக்குச் சொந்தம். ஊரார் குடியிருந்தவர்கள் மட்டுமே.

1943 ஆம் ஆண்டு இறுதியில், இராணுவப் பயிற்சிக்காக ஊரைக் காலி செய்ய ஒரு மாதக் கெடு விதிக்கப்பட்டது. ஏறக்குறைய 225 பேர், போர் முடிந்ததும் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு வெளியேறினார்கள். வீடுகளைப் பேணும்படி தேவாலயக் கதவில் கடிதம் ஒட்டிச் சென்றார்கள். வீடு சொந்தமில்லாததால், கொல்லையில் பயிரிட்ட காய்கறிகளுக்கு மட்டுமே இழப்பீடு கிடைத்தது.

1948இல் அரசாங்கம் நிலத்தைக் கட்டாயமாக வாங்கியது. மக்கள் குடிதிரும்பவே இல்லை. இன்று வீடுகளில் பெரும்பாலும் எஞ்சி நிற்பவை கூரையற்ற சுவர்கள்.

நேயர்களே, வாய்ச்சொல் காற்றோடு போகும். குடியிருக்கும் வீட்டுக்கு எழுத்தில் உரிமை கேளுங்கள்.