தப்படித்த தாத்தாவும் கே.ஏ. குணசேகரனும்

(ஜொகூரில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வக்கீல் வந்திருக்கிறான், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், சேமநிதி என்றுதான் பேசுவான் என்று நினைத்து வந்திருப்பீர்கள். அதை இன்னொரு நாள் பேசுவோம். இன்று ஒரு பாட்டுக்காரரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்கு முன்னால் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தொடங்கினால் நான் பேசுவதில் நேர்மை இருக்காது.

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். காலையில் பெரட்டுக்குப் போவார், மதியம் பால் நிறுத்துவார். யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் ஆள் வந்து கூப்பிடும். தப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். காய்ந்த சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் சரியாக வந்த பிறகுதான் அடி. கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை. லயத்தில் எல்லோருக்கும் அவர் தேவைப்பட்டார். ஆனால் அவரை வீட்டுக்குள் உட்கார வைத்துச் சோறு போட்டவர்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

எனக்குப் பதின்மூன்று வயது. இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த புதிது. பக்கத்துத் தோட்டத்தில் நண்பனின் பாட்டி இறந்துவிட்டார். போனேன். அங்கே தாத்தா அடித்துக்கொண்டிருந்தார். "அது யாருடா, உன் தாத்தாவா?" என்று ஒருவன் கேட்டான். "தெரியாது" என்றேன். தாத்தா நான்கடி தூரத்தில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவர் இறந்தபோது அப்பா தப்பு வைக்கவில்லை. பேண்டு வாத்தியம் வைத்தார்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் நண்பன் ஒருவன் ஒரு கெசட்டைப் பிரதி எடுத்துத் தந்தான். அதில் பாடியவர்தான் கே.ஏ. குணசேகரன். பாட்டைவிட எனக்கு முதலில் கேட்டது பின்னால் அடித்த பறை. அது தாத்தாவின் அடி. சாவு வீட்டில் வாசலோடு நிறுத்தப்பட்ட அந்தச் சத்தம் இங்கே மேடையின் நடுவில் நின்றது.

யார் இந்தக் குணசேகரன்? 1955 மே மாதம் 12ஆம் தேதி மாரந்தை என்ற கிராமத்தில் பிறந்தவர். இளையான்குடிக்குப் பக்கம், இன்றைய சிவகங்கை மாவட்டம். இளையான்குடி என்றால் இங்கே உள்ள இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் சிலருக்குச் சொந்த ஊராகவே இருக்கும். பறையர் குடும்பத்தில் பிறந்தவர். அதை அவர் ஒளிக்கவில்லை, அதனால் நானும் மென்று விழுங்காமல் சொல்கிறேன்.

2005ஆம் ஆண்டு 'வடு' என்று தன் வரலாற்றை எழுதினார். தமிழில் வந்த முதல் தலித் தன்வரலாறு என்று பலரும் அதைக் குறிப்பிடுகிறார்கள். சின்னப் புத்தகம், பேச்சு நடை, இரண்டு மூன்று நாளில் படித்துவிடலாம். பள்ளியில் உதவித்தொகைக்காகச் சாதிப் பெயரைச் சொல்ல நேர்ந்த கூச்சம் அதில் இருக்கிறது. இளையான்குடி முஸ்லிம் மக்களிடம் பழகும்போது யாரும் தன்னை ஒதுக்கவில்லை, சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போனால்தான் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்ற கேள்வி வரும் என்று எழுதுகிறார். அந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று இங்குள்ள பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கப்பலேறி வந்தபோது சாதியும் கூடவே டிக்கெட் எடுத்துத்தான் வந்தது. சில தோட்டங்களில் லயத்து வரிசையே அப்படிப் பிரிந்துதான் இருந்தது.

குணசேகரன் படித்தார். நாட்டுப்புற நாடகத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையில் ஆசிரியர். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். சென்னையில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். 'பலி ஆடுகள்' போன்ற நாடகங்களை எழுதினார். நம் வீடுகளில் பிள்ளை இவ்வளவு உயரம் போனால் முதலில் என்ன செய்வோம்? பழைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவோம். என் அப்பா பேண்டு வைத்தது அதனால்தான், அவரை நான் குறை சொல்லவில்லை. குணசேகரன் பேராசிரியர் ஆன பிறகும் சேரிப் பாட்டை விடவில்லை. 'தன்னானே' என்று கலைக்குழு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடினார். வயல் வேலைப் பாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி எல்லாவற்றையும் பாடினவர்களிடமே கேட்டுப் படித்து, மேடைக்குக் கொண்டு வந்தார்.

எல்லோருக்கும் தெரிந்த பாட்டு 'மனுசங்கடா'. எழுதியவர் கவிஞர் இன்குலாப், கீழக்கரையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். குணசேகரனின் குரலில்தான் அது தமிழ்நாட்டின் பட்டிதொட்டிக்கெல்லாம் போனது. நாங்களும் மனுசர்கள்தான் என்று நேருக்கு நேர் நின்று சொல்லும் பாட்டு. கெஞ்சல் இல்லை. இருவருமே 2016ஆம் ஆண்டு இறந்தார்கள், குணசேகரன் ஜனவரி 17, இன்குலாப் டிசம்பர் 1.

இந்த இடத்தில் வக்கீலாக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 1968 டிசம்பர் 25, தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் குடும்பங்கள் ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்தன. குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் செத்தார்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். கீழ்நீதிமன்றம் நிலச்சுவான்தார்களைத் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்ற ரீதியில் ஒரு காரணம் அந்தத் தீர்ப்பில் வருகிறது. அந்தச் சம்பவம் நடந்தபோது குணசேகரனுக்குப் பதின்மூன்று வயது. நான் தாத்தாவைத் தெரியாது என்று சொன்ன அதே வயது. அந்தத் தீர்ப்பை என்னைப் போன்ற வக்கீல்கள்தான் தேடிப் படிக்கிறோம். வெண்மணி என்ற பெயர் சாதாரண மக்களிடம் இன்றும் தங்கியிருக்கிறது என்றால் அதற்குப் பாட்டும் கூத்தும்தான் காரணம். கோப்பு மூடப்பட்ட பிறகும் பாட்டு மூடவில்லை.

குறையே இல்லையா என்றால், எனக்கு ஒன்று உண்டு. ஒப்பாரியை மைக் வைத்து மேடையில் பாடும்போது கீழே உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்டுகிறார்கள். சாவு வீட்டில் யாராவது கை தட்டுவார்களா? என் அத்தையிடம் இதைச் சொன்னேன். "தட்டட்டும்டா, அந்த நேரத்துக்காவது கேக்குறாங்களே" என்றார். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை.

சரி, நம் ஜொகூருக்கு வருவோம். குளுவாங், கூலாய், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் இருந்தவர்கள் இன்று மாசாயிலும் ஸ்கூடாயிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. கட்டில், பீரோ, சாமிப்படம் எல்லாம் லாரியில் ஏற்றினோம். பாட்டை ஏற்றவில்லை. மரம் வெட்டும்போது பாடியது, ஆயாக்கொட்டகையில் பிள்ளையைத் தூங்க வைக்கப் பாடியது, 1942, 43இல் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களை நினைத்து அழுது பாடியது, இதெல்லாம் யாரிடம் இருக்கிறது? எழுபது, எண்பது வயதுக் கிழவிகளிடம் இருக்கிறது. நம் பையன்கள் உறுமி அடிக்கிறார்கள், சந்தோஷம், நன்றாகவே அடிக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தாத்தா தப்படித்திருந்தால் அதைக் குழு நண்பர்களிடம் சொல்லியிருக்கிறீர்களா?

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பாட்டியை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். பாடுபவர் பெயர், எந்தத் தோட்டம், யாரிடம் கற்றார் என்பதை முதலில் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கெட்ட வார்த்தை வந்தால் வெட்டாதீர்கள். தண்டலைத் திட்டும் பாட்டில் அது வராமல் என்ன செய்யும்? வெளியில் போடுவதற்கு முன் பாடியவரிடம் அனுமதி கேளுங்கள். நாட்டுப்புறப் பாட்டு என்று பெயர் வைத்துப் பாடியவர் பெயரைத் தொலைப்பது நமக்குப் பழகிப்போன திருட்டு.

நான் போன மாதம் அத்தையிடம் தொடங்கினேன். முதல் நாள், "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் தேநீர் போட்டுக்கொண்டே மெல்ல முனகினார். மூன்றாம் நாள் பாடினார், பதினொரு நிமிடம். நடுவில் நிறுத்தி, "இந்த இடத்துல அப்பா அடி மாத்துவாரு" என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டினார். அந்தத் தட்டும் பதிவில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் கேட்க விரும்புகிறவர்கள் இங்கே முன்னால் வாருங்கள், போட்டுக் காட்டுகிறேன்.