நோயின் பெயர் பிறகு, மூச்சு முதலில்



தர்மபுரி மாவட்டத்தின் கடத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் உண்டு. கட்டுவிரியன் கடிப்பது பெரும்பாலும் அப்படித் தூங்குகிறவர்களைத்தான். வலி அவ்வளவாகத் தெரியாது; கடிவாய்கூடச் சில நேரம் கண்ணில் படாது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும். வீட்டில் இருப்பவர்கள், "ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை" என்பார்கள். அதற்குள் இமைகள் தொங்கி, பேச்சு குழறத் தொடங்கிவிடும்.

அப்படி ஒருவரை 108 வண்டி தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரே நிற்கும் பயிற்சி மருத்துவர் நாலரை ஆண்டு படித்ததெல்லாம் முதலில் நோயின் பெயரைக் கண்டுபிடிக்கத்தான். அவசர மருத்துவம் அந்த வரிசையையே மாற்றுகிறது. மூச்சுப் பாதை திறந்திருக்கிறதா, மூச்சு ஓடுகிறதா, ரத்த ஓட்டம் எப்படி, நினைவு இருக்கிறதா? பிறகு உடையை விலக்கி உடல் முழுவதையும் பார்க்க வேண்டும். எந்தப் படியில் குறை தெரிகிறதோ, அதை அங்கேயே சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த படி.

கட்டுவிரியன் விஷம் மூச்சுத் தசைகளை முடக்கும். ஊசியும் கையுமாகப் பாம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தால் நோயாளி போய்விடுவார். முகமூடியை அழுத்திப் பிடித்து, அதோடு இணைந்த காற்றுப் பையைப் பிசைந்து மூச்சுக் கொடுக்கத் தெரிந்த கை அங்கே வேண்டும். கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம், பக்கத்தில் பேசுவது காதில் விழலாம். இதையும் மாணவருக்குச் சொல்லித்தர வேண்டும்.

அடுத்தது ஓர் எளிய சோதனை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் கண்ணாடிவிரியன் அல்லது சுருட்டைவிரியன் என்று சந்தேகிக்கலாம். கட்டுவிரியன் கடித்தவருக்கு ரத்தம் வழக்கம்போல் உறையும். உறைந்துவிட்டதே என்று நிம்மதியடையும் மாணவர் தொங்கும் இமையைக் கோட்டைவிட்டுவிடுவார்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் அண்மையில் வந்தவைதான். தமிழ்நாட்டில் 108 சேவையும் தர்மபுரி மருத்துவக் கல்லூரியும் தொடங்கியது ஒரே ஆண்டில், 2008இல். அவசர மருத்துவத்தை இந்திய மருத்துவக் கவுன்சில் தனித் துறையாக ஏற்றது 2009இல். பாம்புக்கடியைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது 2024இல்தான்.

மூச்சை முதலில் பார்க்கும் இந்தப் பாடத்தைப் பயிற்சி ஆண்டுவரை தள்ளிப்போடக் கூடாது. நோயாளியைத் தொடத் தொடங்கும் ஆண்டிலேயே மாணவர்களை இரவு நேர அவசரப் பிரிவில் நிறுத்தி, மூத்த செவிலியரின் பக்கத்தில் பையைப் பிசையப் பழக்கலாம்.