விருந்தாகச் செல்லும் பிள்ளைகள்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மாலை அமர்வில் ஆற்றிய உரை)



என் தங்கையின் பெயர்த்தி சென்னையில் படிக்கிறாள், வயது பதினாறு. மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்றில் அமெரிக்காவில் ஓராண்டு தங்கிப் படிக்க அவளுக்கு வாய்ப்பு வந்துள்ளது. அனுப்பலாமா என்று அவள் பெற்றோர் என்னைக் கேட்டனர். முத்துப்பேட்டையில் அமர்ந்திருக்கும் பழைய தமிழாசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியன்று அது. ஆயினும் அவர்களுக்கு நான் அளித்த விடையையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இத்தகைய திட்டங்கள் பெரும்பாலும் போரின் சாம்பலிலிருந்து முளைத்தவை. ஏ.எஃப்.எஸ். என்னும் அமைப்பு முதல் உலகப் போரில் காயமுற்றோரைச் சுமந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் குழுவாகத் தொடங்கியது. இரண்டாம் போரிலும் அப்பணியைச் செய்து முடித்தவர்கள், 1947 முதல் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு அனுப்பத் தொடங்கினர். ஃபுல்பிரைட் திட்டத்திற்கான சட்டம் 1946-இல் இயற்றப்பட்டது. போரில் எஞ்சிய தளவாடங்களை விற்ற பணமே அதன் முதல். நம் நாட்டுடன் அதற்கான உடன்படிக்கை 1950 பிப்ரவரி 2-ஆம் நாள் கையெழுத்தாயிற்று. பின்னர், 2001-இல் நியூயார்க் கோபுரங்கள் வீழ்ந்ததன் எதிரொலியாக, அடுத்த ஆண்டு அமெரிக்க அரசு இளைஞர்க்கென ஒரு திட்டத்தை வகுத்தது. இசுலாமியர் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கான அத்திட்டத்தில் இந்தியாவும் உண்டு.

பள்ளி மாணவர்க்கான திட்டங்களில் பிள்ளை விடுதியில் தங்குவதில்லை. ஒரு குடும்பத்தில் தங்குகிறது. அமெரிக்காவில் அக்குடும்பத்தார் பெரும்பாலும் ஊதியம் பெறாமல், விருப்பத்தின் பேரிலேயே ஏற்கின்றனர். அவர்கள் உண்ணும் மேசையில்தான் நம் பிள்ளையும் உண்ண வேண்டும். நம் அச்சமெல்லாம் அந்த மேசையைப் பற்றியதே.

என் பிழையொன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். முப்பதாண்டுகட்கு முன் நம் சமூகத்து மாணவி ஒருத்திக்கு இதுபோன்றதொரு வாய்ப்பு வந்தது. அவள் தந்தையார் என் கருத்தைக் கேட்டார். "அங்கே புலால் இல்லாத வேளையே கிடையாது, வேண்டாம்" என்று அந்நாட்டைக் கண்டறியாத நான் உறுதியாகச் சொன்னேன். அவர் விட்டுவிட்டார். பல்லாண்டு கழித்து ஒரு திருமண வீட்டில் அவளைக் கண்டு, மனம் வருந்தியதைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "போயிருந்தாலும் திண்டாடித்தான் இருப்பேன் ஐயா. ஏன் இரவில் உண்பதில்லை என்று யாராவது கேட்டிருந்தால், எங்கள் வீட்டில் அப்படித்தான் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது" என்றாள். அவளைப் போகவிடாமல் செய்தது என் ஒரு குற்றம். மூன்றாண்டு பாடம் நடத்தியும் அதற்கொரு விடையை அவளுக்குத் தராமல் விட்டது அதனினும் பெரிய குற்றம் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

முத்துப்பேட்டையில் கடல்கடந்து சென்றவர் இல்லாத தெரு அரிது. என் அண்டை வீட்டு இசுலாமிய நண்பரிடம் இதைச் சொல்லி ஆற்றிக்கொண்டேன். "எங்கள் பிள்ளைகளும் ஹலால் என்றால் என்ன என்று அங்கே விளக்கிச் சொல்லித்தானே உண்கிறார்கள் சார், வெட்கப்படாமல் கேட்கப் பழக்கிவிட்டால் போதும்" என்றார். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியது.

நம் டெல்டாவிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர் சைவ மடத்தில் பயின்றவர். சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படிக்கச் சொன்னபோது, அதன் சமயச் செய்திகள் அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் வீட்டு வாயிலுக்கு மாணாக்கராகச் சென்றார். அவ்வீட்டில் அன்று மாக்கோலமும் தோரணமும்; பல மாதங்களாகப் படித்துவந்த சிந்தாமணியை அன்றுதான் நிறைவு செய்திருந்தார்களாம். சந்திரநாத செட்டியார் போன்றோர் அவருடைய ஐயங்களைத் தீர்த்தனர். 1887-இல் நூல் அச்சேறியது. அந்த வீட்டார் விடை தெரியாமல் விழித்திருந்தால் என்னவாகியிருக்கும்? எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. ஐயர் ஒரு தெருவைக் கடந்தார். நம் பெயர்த்தி ஒரு கடலைக் கடக்கப் போகிறாள். வேறுபாடு தொலைவில்தான்.

இன்று வெளிநாட்டு மாணவர்களும் சமணத்தைக் கற்க இந்தியாவுக்கு வருகின்றனர். 2005 முதல் இதற்கெனவே கோடைக்காலப் பயிற்சி நடைபெற்று வருகிறது. அவர்களுள் ஒருவர் தீபங்குடிக்கோ, மன்னார்குடி மல்லிநாதர் ஆலயத்திற்கோ வந்து நம்மிடம் ஐந்து கேள்விகள் கேட்டால், எத்தனைக்கு நாம் விடை சொல்வோம்? நான் மூன்றுக்குச் சொல்வேன் என்று நினைக்கிறேன், தமிழில் கேட்டால்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். புலாலைத் தவிர்ப்பது எளிது. அது கண்ணுக்குத் தெரியும். மறைந்திருப்பவையே சிக்கலானவை. மிட்டாய்களில் சேரும் ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கப்படுவது. சிலவகைப் பாலாடைக்கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து பெறும் பொருளால் உறைக்கப்படுபவை. உறையின் மேலுள்ள சிற்றெழுத்தைப் படிக்கப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும். சைவ உணவு என்று கேட்டால் உருளைக்கிழங்கு வந்து நிற்கும். கிழங்கை விலக்குவோர் அதையும் முன்னரே எழுதிவிட வேண்டும். இரவுண்ணாமை இன்னும் கடினம். வட மாநிலங்களில் மார்கழியில் மாலை நாலரைக்கே ஞாயிறு மறைந்துவிடும். பள்ளி விட்டு வந்த உடனே உண்டுவிட வேண்டும்; குடும்பத்தார் ஆறு மணிக்கு உண்ணும்போது நம் பிள்ளை உடன் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். இவற்றையெல்லாம் விண்ணப்பத்திலேயே மறைக்காமல் எழுதுங்கள். எழுதினால் எவரும் ஏற்கமாட்டார் என்று அஞ்சி மறைத்துவிட்டு, அங்குப் போய்ப் பட்டினி கிடப்பது பேதைமை. ஏற்காத குடும்பம் ஏற்காமலே இருக்கட்டும். 1981 முதல் வட அமெரிக்கச் சமணர்க்கென ஒரு கூட்டமைப்பும் இயங்குகிறது. பிள்ளை செல்லும் ஊருக்கு அருகில் ஆலயம் உண்டா என்று கேட்டு வைப்பதும் நன்று.

என் தங்கை வீட்டார்க்கு நான் சொன்னது: அனுப்புங்கள், ஆனால் அதற்குமுன் ஆறு மாதம் என்னிடம் அனுப்புங்கள். அங்கே வகுப்பின் முன் நின்று தன் நாட்டையும் வீட்டையும் பற்றிப் பேசச் சொல்வார்களாம். அதற்காக இப்போது ஞாயிறுதோறும் கைபேசியில் அவளுக்குப் பாடம் நடக்கிறது. அணுவிரதம் ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள், அனேகாந்தத்தில் நிற்கிறோம். "ஒரே பொருளைப் பலர் பலவாறு காண்பது சரியென்றால், நம் வீட்டுச் சாப்பாடுதான் சரி என்று நான் எப்படித் தாத்தா சொல்வது?" என்று சென்ற வாரம் கேட்டாள். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்த அவையில் விடை அறிந்த பெரியோர் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னைச் சற்றே தனியே அழைத்துச் சொல்லுங்கள்.