மாத்திரை போட்டாச்சா? சாப்பிட்டாச்சா?

(கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)

வரவு செலவு முடிஞ்சுது, இப்ப சர்க்கரை நோயைப் பத்திக் கொஞ்சம் பேசலாம். 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதிலிருந்து மாத்திரை வீட்டுக்கே வருது. கொண்டுவர்ற தன்னார்வலர்களும் நம்ம குழுப் பெண்கள்தான். ஆனா மாத்திரையைப் போட்டுட்டு, “வந்து சாப்பிட்டுக்கலாம்”னு களை வெட்டப் போயிடறோம். அதுதான் ஆபத்து.

இரைப்பைக்குப் பின்னால கணையம் இருக்கு. அதிலுள்ள பீட்டா செல்கள் ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை அளந்துகிட்டே இருக்கும். எப்படின்னா, சர்க்கரை செல்லுக்குள்ள போய் எரியுது. எரிஞ்சு சக்தி கூடினா, பொட்டாசியம் வெளியேறுற சின்ன வாசல் மூடிக்கும். உடனே கால்சியம் உள்ளே வரும், இன்சுலின் வெளியே போகும். சர்க்கரை குறைஞ்சா வாசல் திறந்துக்கும், இன்சுலின் குறைஞ்சிடும். சர்க்கரைதான் அந்த வாசலை மூட வைக்குதுன்னு 1984-ல் இங்கிலாந்தில் பிரான்சஸ் ஆஷ்கிராப்ட் என்ற பெண் விஞ்ஞானியின் குழு காட்டியது.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் அதே வாசலை நேரடியாவே மூடிடும். நாம சாப்பிட்டோமா இல்லையான்னு மாத்திரைக்குத் தெரியாது. செல் ஏமாந்துபோய் இன்சுலினை விட்டுக்கிட்டே இருக்கும். மண்வெட்டி பிடிக்கிற தசையோ, இன்சுலின் கூப்பிடாமலேயே சர்க்கரையை இழுத்துக்கும். (நல்ல குணம்தான், நடக்கச் சொல்றதே அதனாலதான்.) வெறும் வயித்துல ரெண்டும் சேர்ந்தா சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிடலாம். வெள்ளிமலைப் பக்கம் மேட்டுக்காட்டுல மயங்கி விழுந்தா ரோட்டுக்குத் தூக்கிட்டு வரவே நேரமாகும்.

வேர்வை, கை நடுக்கம், கண் இருட்டு, பேச்சுக் குழறல் வந்தா வெயில்னோ சாமி வந்திருச்சுன்னோ விட்டுடாதீங்க. நினைவு இருந்தா மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் கொடுங்க. 15 நிமிஷத்துல தெளியலேன்னா மறுபடியும் கொடுங்க. தெளிஞ்சதும் சாப்பாடு கட்டாயம், மாத்திரை இன்னும் வேலை செஞ்சுகிட்டிருக்கும். நினைவு இல்லேன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

மெட்பார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இந்த பயம் ரொம்பக் குறைவு. உங்களுது எந்த மாத்திரைன்னு அட்டையைக் காட்டி நர்சம்மாகிட்ட கேளுங்க. ஆடி மாச விரதம் இருக்கிறவங்க முன்கூட்டியே டாக்டரைக் கேக்கணும், மாத்திரையைத் தானா நிறுத்தக் கூடாது. தன்னார்வலர் அக்காக்களே, மாத்திரை கொடுக்கும்போது “காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுற?”ன்னு ஒரு வார்த்தை கேளுங்க.