பாறையிடுக்கில் ஒரு பெட்டி
(முன்னாள் மாணவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். "வாழ்க்கை அனுபவம் ஏதாவது சொல்லுங்க சார்" என்றார். நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் சங்கிலி பிடித்தவன். அதைச் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் அமெரிக்காவில் ஒரு மலைக்காட்டில், ஒளித்து வைத்த பெட்டி ஒன்றைத் தேடிப் போன கதையைச் சொல்கிறேன்.

'லெட்டர்பாக்ஸிங்' என்று இந்த விளையாட்டுக்குப் பெயர். பிறந்த இடம் இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலம். ஷெர்லக் ஹோம்ஸ் படித்தவர்களுக்கு, அந்த பாஸ்கர்வில் வேட்டை நாய் ஓடிய இடம் என்றால் புரியும். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே கிரான்மியர் குளம் என்னும், போய்ச் சேரவே கடினமான இடத்தில் ஒரு பாட்டிலை வைத்தார். வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். பிற்பாடு தபால் அட்டையும் வைத்தார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய் அஞ்சலில் சேர்க்க வேண்டும். யாரென்றே தெரியாத ஆளை நம்பித் தபால் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்! இன்று பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் நோட்டும் இருக்கும். தேடி வருகிறவரிடமும் சொந்த முத்திரை, சொந்த நோட்டு. அதை இதிலும் இதை அதிலும் குத்திக்கொண்டு, பெட்டியை இருந்தபடியே ஒளித்துவிட்டு வர வேண்டும். 1998-இல் ஸ்மித்சோனியன் பத்திரிகையில் கட்டுரை வந்த பிறகு அமெரிக்காவிலும் பரவியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடுதியில் என் அறைத்தோழன், தாவரவியல் மாணவன். ஆராய்ச்சிக்குப் போய், கனெக்டிகட் மாநிலத்திலேயே தங்கிவிட்டான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். ஆனால் வார்டனின் முத்திரையை உருளைக்கிழங்கில் வெட்டி, இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்கு 'அனுமதி' வழங்கியவன் யார் என்று எங்கள் செட்டுக்குத் தெரியும். (மாணவர்கள் இதைக் கேட்காததாக பாவிக்கவும்.)

2023 அக்டோபரில் அவன் வீட்டுக்குப் போனேன். மனைவி இறந்து ஒன்றரை வருடம். சாப்பிடு என்றால் சாப்பிடுவான், படு என்றால் படுப்பான், பேச்சு கிடையாது. அவன் மகள், "அப்பா வாசல் தாண்ட மாட்டேங்கறார் மாமா. நீங்களாவது கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு தாளை நீட்டினாள். பீப்பிள்ஸ் ஸ்டேட் ஃபாரஸ்ட் என்ற காட்டில் ஒளித்த பெட்டிக்கான குறிப்பு. கூடவே ஒரு ரப்பர் அழிப்பானும் பேனாக்கத்தியும்.

அன்றிரவு கத்தியை எடுத்தான். காலையில் முத்திரை தயார். அவன் மனைவி வாசலில் போடும் சின்னப் புள்ளிக்கோலம். எழுத்தென்றால் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். கோலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்றான். அவ்வளவுதான் பேசினான்.

காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டு ஏறினோம். அங்கே மான் உண்ணி அதிகம். அது பரப்பும் லைம் நோய்க்கு அந்த மாநிலத்து ஊர் ஒன்றின் பெயர்தான். மரங்களில் சாயப் பட்டை அடித்து வழி காட்டியிருந்தார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பட்டை இருந்தால் திருப்பம். மேல் பட்டை எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் திடீர் திடீரென்று கல் வேலி வரும். நூற்றைம்பது இருநூறு வருடத்துக்கு முன் அதெல்லாம் வயலும் மேய்ச்சல் நிலமும். விவசாயிகள் விட்டுப் போன பின் காடு திரும்பி வந்திருக்கிறது.

"கல் வேலி மூலையிலிருந்து இரட்டை ஹெம்லாக்கை நோக்கு" என்றது குறிப்பு. சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் வேறு, அது செடி; இது ஊசியிலை மரம். இரட்டையைக் காணோம். ஒன்று விழுந்து கிடந்தது, இன்னொன்று மொட்டையாக நின்றது. நண்பன் பக்கத்தில் ஒரு கன்றின் கிளையைத் திருப்பிக் காட்டினான். ஊசிகளின் அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி. "ஜப்பான்லேர்ந்து வந்த பூச்சிடா. 1985-ல இந்த மாநிலத்துக்குள்ள வந்துச்சு. சாறு உறிஞ்சியே கொன்னுடும்" என்றான். நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் பேசினான். நான் இடையில் வாயே திறக்கவில்லை.

அடுத்து, 140 பாகை, எண்பது தப்படி. அவன் கைப்பேசியைப் பார்த்து நடந்தான். பெட்டி இல்லை. என் பழைய காம்பஸை எடுத்தேன். அந்தப் பகுதியில் காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து மேற்கே சுமார் 13 பாகை விலகி நிற்கும். நம்மூரில் இந்த விலகல் மிகக் குறைவு, யாரும் கண்டுகொள்வதில்லை. கைப்பேசி காட்டியது உண்மை வடக்கு. குறிப்பு எழுதியவர் வைத்துப் பார்த்தது ஊசி. எண்பது தப்படியில் பதினெட்டு தப்படி வித்தியாசம்! புவியியல் துறையில் சர்வே செய்முறையை வெயிலில் நடத்திய ஆசிரியர்களுக்கு இந்த மேடையில் நன்றி சொல்கிறேன்.

ஊசி காட்டிய திசையில் நடந்தோம். பாறையிடுக்கில், சருகுக்கடியில், டிபன் பாக்ஸ் அளவில் பெட்டி. நோட்டில் எத்தனையோ பேரின் முத்திரைகள்: ஆந்தை, படகு, ஒரு குழந்தையின் கோணல் நட்சத்திரம். அவன் கோலத்தைக் குத்தினான். லேசாகத்தான் விழுந்தது. "இன்னொரு தரம் குத்துடா" என்றேன். "வேணாம், அவளும் ஈர வாசல்ல இப்படித்தான் போடுவா" என்றான். அங்கேயே உட்கார்ந்து அழுதான். நான் ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் இறங்கிவிட்டோம்.

அவனால் இன்று வர முடியவில்லை. தன் வீட்டுப் பின்புறத் தோப்பில் அவனே ஒரு பெட்டி ஒளித்திருக்கிறான். நம் கல்லூரிக்காரர்களுக்கு மட்டும் குறிப்பு அனுப்பியிருக்கிறான்: "கொல்லைக் கதவிலிருந்து, நம்ம விடுதி வராந்தாவுக்கும் மெஸ்ஸுக்கும் உள்ள தூரம் நட. மணியடிச்ச பிறகு ஓடுற வேகத்துல வேணாம். இடது பக்கம், வார்டன் மாதிரி சாய்ஞ்சு நிக்கிற மரத்தடியில பார்."

முத்திரை எதில் வெட்டியது என்று கேட்டேன். உருளைக்கிழங்கு இல்லை என்று மட்டும் சொன்னான்.